நாலு கிலோமீட்டர், நிற்காமல்

வழிகாட்டும் கருவி விற்கிற எங்கள் கடைக்கு இதுவரை ஒரு வாடிக்கையாளர்கூட வழி கேட்காமல் வந்து சேர்ந்ததில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வருகிற தூரம்தான். அன்வர் பாயின் சர்வே சாமான் கடை. அளக்கிற டேப், முக்காலி, காம்பஸ், கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஜிபிஎஸ், எல்லாம் இருக்கும். விலைக்கும் கிடைக்கும், நாள் வாடகைக்கும் கிடைக்கும். நான் எம்.எஸ்ஸி. புவியியல் இரண்டாம் வருடம். சனி, ஞாயிறுகளில் அங்கே வருகிறவர்களுக்குக் கருவியை இயக்கிக் காட்டுவது என் வேலை. "புவியியலா? அதைப் படிச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்பவர்களுக்கு அரை மணி நேரம் நின்று பதில் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. ஆகையால் இப்போது யாரும் கேட்பதில்லை.

காகித மேப்பை விரித்த அதே நொடியில் பின்னாலிருந்து "போன்ல பாருங்களேன்" என்ற குரலைக் கேட்டு நொந்துபோனவரா நீங்கள்? அப்படியானால் நீங்கள் என் இனம். உட்காருங்கள், சொல்கிறேன்.

வெயிலில் வராத வாடிக்கையாளர்

கெலமங்கலம் பக்கம் மனை போட்டு விற்கிறவர் ஒருவர், கடையிலேயே விலை கூடிய ஜிபிஎஸ்ஸைக் கையில் எடுத்து ஆன் செய்தார். 'சாட்டிலைட் தேடுகிறது' என்று திரையில் வந்தது. வந்தது வந்தபடியே இருந்தது. "வெளியே வாங்க சார், கூரைக்குக் கீழே எடுக்காது" என்றேன். வெளியே வெயில் கொளுத்துகிறதாம், வரமாட்டாராம். வானத்தைப் பார்க்காமல் வானத்தில் இருப்பதோடு எப்படிப் பேசுவது என்று நான் வாதாடினேன். அவருடைய போன் ஏசி அறைக்குள்ளேயே எடுக்கிறதே என்று அவர் வாதாடினார். போன் பக்கத்து டவரையும் விசாரித்துக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லும், இது சாட்டிலைட்டை மட்டும் கேட்டுச் சொல்லும் என்று விளக்கினேன். 'குத்துமதிப்பு' அவருக்குப் பிடித்திருந்தது போல, போனைத் தடவிக்கொடுத்தார்.

கடைசியில் அன்வர் பாய் குடை பிடித்து அவரை வாசலுக்கு அழைத்துப்போனார். குடையை மடக்கச் சொல்லி நான் கத்த வேண்டியிருந்தது. மூன்று நிமிடம் ஆகியும் எண் வரவில்லை. அண்ணாந்து பார்த்தபடி அவர் சொன்னார்: "மேலே அத்தனை சாட்டிலைட் விட்டிருக்கானுங்க, ஒண்ணுகூட ஓசூர்ல நிக்காதாம்மா? எல்லாம் நேரா பெங்களூரு போற வண்டியா?"

பால் கை

அந்த வாரம்தான் மாதம்மாக்கா வந்தார். அஞ்செட்டிக்கு மேலே மலையில் ஒரு தொட்டி அவருடைய ஊர். அந்தப் பக்கத்தில் சின்னக் குடியிருப்பைத் தொட்டி என்றுதான் சொல்வார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னாலும் உங்கள் போன் சரியான வழி காட்டப்போவதில்லை. அங்கே வீட்டுக்கு வீடு மாடு. விடிந்ததும் பெண்கள் பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு தார் ரோடு வரை இறங்கி வரவேண்டும். வண்டி முந்திக்கொண்டால் பால் திரும்பி மலையேறும். வெயில் காலத்தில் மலையேறும்போதே திரிந்துவிடும்.

தனியார் பால் கம்பெனி ஒன்று புது ரூட் போடுகிறது. தார் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊருக்குச் சின்ன வண்டி மேலேயே வரும். ரூட் சூப்பர்வைசர் போனில் பார்த்துவிட்டுப் பதினொரு கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டாராம். போனுக்கு மண் பாதை தெரியாது. கர்நாடகா பக்கமாகச் சுற்றிக்கொண்டு பின்வழியாக ஊருக்குள் நுழைகிறது. மாத முடிவில் பட்டியலை மூடிவிடுவார்கள். அதற்குள் நாலுக்குள்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

டச் திரை போட்ட மாடலை நான் நீட்டினேன். அவர் விரலால் தொட்டார், ஒன்றும் நகரவில்லை. புடவையில் துடைத்துவிட்டுத் தொட்டார், மேப் எங்கேயோ ஆப்பிரிக்காவுக்குப் போனது. "பால் கறக்கிற கை, எண்ணெ இருக்கும்" என்று வெட்கப்படாமல் சிரித்தார். பட்டன் வைத்த பழைய மாடலை எடுத்துக் கொடுத்தேன். சாதாரண பேட்டரி இரண்டு போட்டால் போதும், தலையில் கொம்பு மாதிரி ஆன்டெனா, மரத்தடியிலும் ஓரளவு தாங்கும். அக்கா அதன் கொம்பைப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குள் எங்கள் கடை சர்வீஸ்காரர் முனிராஜ் அண்ணா, என்னைச் சீண்டுவதற்கென்றே உள்ளேயிருந்து எட்டிப்பார்த்து, "எதுக்குக்கா வாடகை? போன்லயே ஆப் இருக்கு" என்றார். மாதம்மாக்கா திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்: "போனுதான் எங்க ஊருக்குப் பாதையே இல்லேங்குது. அதுங்கிட்டயே போயி நாயம் கேக்கச் சொல்றியா தம்பி?"

புள்ளி வைத்த இடம்

ஞாயிற்றுக்கிழமை மலையேறுவதாக முடிவு. நான் போவதில் பாய்க்கு விருப்பமில்லை. "பொம்பளைப் புள்ளைய காட்டுக்கு அனுப்பிட்டு நான் கல்லாவுல ஒக்காந்திருக்கறதா?" என்றார். தினமும் கேன் சுமந்து அதே காட்டில் இறங்கிவருகிறவர்கள் ஆண்பிள்ளைகளா என்று கேட்டேன். பாய் வாயைத் திறக்குமுன் இன்னும் நான்கு கேள்வி கேட்டேன். முனிராஜ் அண்ணா துணைக்கு வரவேண்டும் என்ற நிபந்தனையோடு பாய் தப்பித்துக்கொண்டார்.

இடையில் சனிக்கிழமை, சிப்காட் கம்பெனி ஒன்றின் போக்குவரத்து அதிகாரி வந்தார். கம்பெனி பஸ் நிற்கிற இடங்களையெல்லாம் எங்கள் ஜிபிஎஸ்ஸில் குறித்திருந்தார். கருவியில் வந்தது பன்னிரண்டு டிகிரி நாற்பத்து நாலு நிமிடம். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பன்னிரண்டு புள்ளி நாலு நாலு என்று அடித்திருக்கிறார், தீர்க்கரேகையையும் அதே மாதிரி. டிகிரிக்கு அறுபது நிமிடம், நூறு அல்ல. மேப்பில் போட்டுக் காட்டினேன். ஓசூரில் இருக்கவேண்டிய ஸ்டாப்புகள் எல்லாம் அப்படியே தென்மேற்கே பெயர்ந்து, எல்லை தாண்டி, கர்நாடகக் காட்டுக்குள் வரிசையாக நின்றன. ஷிப்டுக்குப் போகிறவர்கள் கதி என்ன? அவர் டீயை உறிஞ்சியபடி என்னை ஆறுதல்படுத்தினார்: "டென்ஷன் ஆகாதீங்க மேடம், எங்க டிரைவர் ஒருத்தரும் மேப்பைப் பார்த்து ஓட்டறவங்க இல்ல."

முள்ளின் கடமை

அன்று மாலையே ஒரு வாஸ்து நிபுணர், கிருஷ்ணகிரியிலிருந்து காரில் வந்து இறங்கினார். நல்ல காம்பஸ் வேண்டும் என்றார். நான்கு காம்பஸை மேசையில் தள்ளித் தள்ளி வைத்தேன். நான்கு முள்ளும் ஒரே பக்கம் பார்த்தன. இதைவிட நல்ல காம்பஸ் உலகத்தில் கிடையாது என்று நான் பெருமையாக நிற்க, அவர் முகம் வாடிப்போனது. "வேற மாதிரி காட்டறது இருக்கா?" என்றார்.

எனக்குப் பொறுக்குமா? காந்த வடக்கு வேறு, நிஜ வடக்கு வேறு, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் விலகல் உண்டு என்று ஆரம்பித்தேன். விலகல் என்றதும் அவருக்கு உயிர் வந்தது. எத்தனை டிகிரி என்று கேட்டார். நம் பக்கத்தில் ஒன்றிரண்டுதான் என்றேன். "முப்பது வராதா? ஒரு முப்பத்தஞ்சு?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். இரும்புக் கேட் பக்கத்தில் பிடித்தால் எத்தனை வேண்டுமானாலும் வரும், ஆனால் அது பொய் என்று கறாராகச் சொன்னேன். அவர் உடனே பர்ஸைத் திறந்தார். இதெல்லாம் அநியாயம் என்று நான் கொதித்ததற்கு, மிகவும் பொறுமையாக விளக்கம் கொடுத்துவிட்டுப் போனார்: "வீடு கட்டி, பெயின்ட்டும் அடிச்சாச்சும்மா. இனிமே திரும்ப வேண்டியது முள்ளுதான்."

வீட்டுக்குப் போகும் வழி

முதல் நாள் இரவே நான் சர்வே மேப்பை பிரிண்ட் எடுத்து, அதில் புள்ளிக்கோடாகப் போகிற வண்டிப்பாதை மேல் நூலை வைத்து அளந்திருந்தேன். ஏழரை சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் நாலுக்குக் கொஞ்சம் கீழே. மேப் நம் பக்கம்! ஆனால் சூப்பர்வைசர் காகிதத்தை ஒப்புக்கொள்ள மாட்டாராம், ஜிபிஎஸ்ஸில் நடந்து பதிவு செய்த கோடு வேண்டுமாம். பைக்கில் போய்விடலாம் என்றால் பாதைக்குக் குறுக்கே ஒரு ஓடை அரித்துக்கிடக்கிறது. வண்டி வருவது உறுதியானால்தான் குழாய் போட்டு மண் நிரப்புவார்கள். அதுவரை நடைதான்.

தார் ரோட்டில் கருவியைப் பூஜ்யமாக்கிவிட்டுக் கிளம்பினோம். மாதம்மாக்கா காலி கேனோடு பின்னால் வந்தார். ஓடை தாண்டியதும் புதருக்கு நடுவே பாதை இரண்டாகப் பிரிந்தது. இப்படிப்பட்ட தருணத்துக்காகத்தான் நான் இத்தனை வருடம் படித்திருக்கிறேன். முனிராஜ் அண்ணாவின் போனைப் பலகை மாதிரி பிடிக்கச் சொல்லி, அதன்மேல் மேப்பைப் பரப்பி, காம்பஸை வைத்தேன். முள் வடக்கு என்று காட்டிய இடத்தில் சூரியன் இருந்தது. காலை எட்டு மணிக்கு! திருப்பி வைத்தேன், சுழன்றது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், அந்தப் போன் உறையில் காந்தம். "உங்க உறையைக் கழட்டிக் காட்டுல எறிங்க" என்று நானும், "என் போன் இல்லேன்னா எதுமேல மேப்பை வைப்பீங்க" என்று அவரும் சண்டை போட்டு முடித்து, காம்பஸைத் தரையில் வைத்துப் பார்த்து, வலது பக்கம்தான் பாதை என்று நான் அறிவித்தேன். இடுப்பில் கேனோடு இவ்வளவு நேரமும் பொறுமையாக நின்றிருந்த மாதம்மாக்கா கேட்டார்: "ஹவுதா, அப்படியா? எங்க வூட்டுக்குப் போற வழிய என்னைக் கேட்டிருக்கலாம் இல்ல, கண்ணு?"

சோற்றுக்கு ஆன தூரம்

அவமானத்தில் எனக்குப் பசி எடுத்தது. பெரிய ஆலமரம் ஒன்று, பக்கத்தில் யானை உயரத்துக்கு என்று சொல்லமாட்டேன், பஸ் உயரத்துக்குப் பாறை. அங்கே உட்கார்ந்து, அக்கா கொண்டுவந்த களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டோம். முனிராஜ் அண்ணா கால் நீட்டிப் படுத்தார். போன் மேப் சிறந்ததா, காகித மேப் சிறந்ததா என்று ஒரு மணி நேரம் போல வாதம் நடந்தது. வென்றது நான்தான், எதிராளி தூங்கிவிட்டார்.

ஊர்க் களத்தில் போய் நின்று திரையைப் பார்த்தேன். நாலு புள்ளி ஆறு. மறுபடி பார்த்தேன். நாலு புள்ளி ஆறுதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "எத்தினி கண்ணு?" என்று கேட்கிறார்கள், நான் பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கிறேன். நடந்த கோட்டைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆலமரத்தடியில் மட்டும் கோடு, குழந்தை பென்சிலால் கிறுக்கியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கிடந்தது. இலையும் பாறையும் மறைத்ததில் கருவி தான் இருக்கிற இடம் தெரியாமல் பத்தடி இப்படி, இருபதடி அப்படி என்று தடுமாறியிருக்கிறது. தடுமாறிய ஒவ்வொரு அடியையும் நாணயமாகக் கூட்டி வைத்திருக்கிறது. உட்கார்ந்தபோது பதிவை நிறுத்தி வைத்திருக்கவேண்டும். பாடம் எடுக்கிற எனக்கே அது தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இதையெல்லாம் ஒப்புக்கொண்டேன். மாதம்மாக்கா கருவியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்: "நாம ஒக்காந்து களி தின்ன நேரத்துல இது மட்டும் எங்கடி போயிட்டு வந்துச்சு?"

சூப்பர்வைசர் சார் நடந்தார்

அந்தக் கிறுக்கலைக் கம்ப்யூட்டரில் வெட்டி எறிந்தால் நாலுக்குக் கீழே வந்துவிடும். வெட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். "எடிட் பண்ணினதை எல்லாம் நான் மேலே அனுப்ப முடியாதும்மா" என்றார் சூப்பர்வைசர். அவர் சொன்னது நியாயம், அதனால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. ஒரு மணி நேரம் வாதாடினேன். என் தொல்லை தாங்காமலோ என்னவோ, தானே வந்து கருவியைப் பிடித்துக்கொண்டு நடப்பதாக ஒப்புக்கொண்டார். பட்டியல் மூட இரண்டு நாள் இருந்தது. "மேடம், ஒரு தடவைதான். அதுல என்ன வருதோ அதுதான்" என்றார்.

ஜீப்பை விட்டு இறங்கி அவர் நடந்து பல வருடம் ஆகியிருக்கவேண்டும். ஒரு கிலோமீட்டர் ஆனதுமே ஒரு பாறையைப் பார்த்தார், உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். டவர் கிடைக்காத போனை நான்கு திசையிலும் காட்டிப் பார்த்தார். அவர் மடியில் கிடந்த கருவியில் எண் மெல்ல ஏறியது. ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு. கொஞ்ச நேரத்தில் பூஜ்யம் நாலு. அவர் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் பூஜ்யம் ஐந்து. உட்கார்ந்தால் ஏறுகிறது, பதிவை நிறுத்திவிட்டு உட்காருங்கள் என்று சொன்னேன். நிறுத்தவே மாட்டேன், அப்புறம் அளவில் கை வைத்ததாகச் சொல்வார்கள் என்றார். அவர் உட்காரும் பாறை எத்தனை, பாதை எத்தனை என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். நாலு தாண்டிவிடும். "சார், மெஷின் தப்பா கூட்டுது சார்" என்று கெஞ்சினேன். "மெஷின் பொய் சொல்லாதுன்னு அன்னைக்கு ஒரு மணி நேரம் சொன்னது நீங்கதானே மேடம்?" என்று சிரித்தார்.

பின்னால் வந்துகொண்டிருந்த மாதம்மாக்கா பாறைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தணித்து, "சார், இங்கன ஒக்காராதீங்க. ஆனை தண்ணிக்கு வர்ற தடம்" என்றார்.

சூப்பர்வைசர் எழுந்தார். எழுந்தவர் நடந்தார். ஓடையில் ஷூ நனைந்தது, நிற்கவில்லை. பாதை பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டார், கால் நிற்கவில்லை. ஆலமர நிழலைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். "இதுவுந்தானுங்க சார்" என்றார் அக்கா. இந்த முறையும் துணைக்கு வந்த முனிராஜ் அண்ணா மூச்சு வாங்கியபடி எனக்கும் பின்னால் தங்கிவிட்டார். நான் சூப்பர்வைசரின் முழங்கைக்குக் கீழே எட்டி எட்டித் திரையைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். மூன்று புள்ளி ஏழு. மூன்று புள்ளி எட்டு. களத்தின் முனையிலிருந்த கல்தொட்டியைத் தொட்டபோது மூன்று புள்ளி ஒன்பது ஆறு.

நின்றபடியே படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார், வண்டி நிற்க வேண்டிய இடத்தையும் களத்தில் கால் வைத்துக் காட்டினார். அதற்கப்புறம்தான் கட்டிலில் விழுந்தார். பெண்கள் சொம்பு சொம்பாக மோர் கொடுத்தார்கள். ஒருத்தி விசிறினாள். மூன்றாவது சொம்பு முடிந்து மூச்சு வந்ததும், கீழே இறங்கும் கவலை அவருக்கு வந்தது. "ஏம்மா, அந்த ஆனை எத்தனை மணிக்கு வரும்?" என்றார். மாதம்மாக்கா சொம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்: "அது கர்நாடகாவுல இருக்குதுங்க சார். இங்க ராகி கதிரு முத்தினாத்தான் வரும்."

ஜிபிஎஸ் வாங்கப்போகிற என் இனத்தாருக்குச் சொல்கிறேன், மாற்று பேட்டரியும் மேப்பும் காம்பஸும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அளக்க வந்தவரை உட்காரவிடாமல் நடத்துகிற வசதி இன்னும் எந்த மாடலிலும் வரவில்லை.